முதல் வீடு தேடியவர்கள்: மதீனா முதல் சார்பதிவாளர் அலுவலகம் வரை

நிகாஹ் முடிந்து சில ஆண்டுகள் சென்றபின், வாடகை வீடு இரண்டு மூன்று முறை மாறியபின், நம் குடும்பங்களில் அந்தப் பேச்சு மெல்ல எழுகிறது: சொந்தமாக ஒரு வீடு பார்க்கலாமா? அன்று தொடங்கித் தரகரின் தொலைபேசி அழைப்புகளும், மனை பார்க்கச் செல்லும் ஞாயிற்றுக்கிழமைப் பயணங்களும், வங்கிக் கடன் வாங்குவதா வேண்டாமா என்ற இரவு நேர விவாதங்களும் தொடர்கின்றன. பல ஆண்டுச் சேமிப்பு ஒரே கையொப்பத்தில் கைமாறும் காரியம் அது. வட்டி என்ற சொல்லும் அங்கே வந்து குறுக்கே நிற்கிறது. இக்கட்டுரையில் நாம் ஃபத்வா சொல்லப் போவதில்லை. அது ஆலிம்களின் பணி. நமக்கு முன் வீடு தேடிய முஸ்லிம்கள் எதை முதலில் பார்த்தார்கள், எங்கே தடுமாறினார்கள், எதை எழுதி வைத்துக்கொண்டார்கள் என்பதை மட்டும் வரலாற்றிலிருந்து எடுத்துச் சொல்ல விரும்புகிறோம்.

கி.பி. 622-இல் மக்காவிலிருந்து மதீனா சென்ற முஹாஜிர்களில் பெரும்பாலோர் வீடு உடையவர்களாயிருந்து வீடு அற்றவர்களாய் ஆனவர்கள். அவர்கள் விட்டுச் சென்ற வீடுகள் வெறுமனே பூட்டிக் கிடக்கவில்லை. ஜஹ்ஷின் மக்கள் குடும்பத்தோடு ஹிஜ்ரத் சென்றபின் அவர்களுடைய வீட்டை அபூ ஸுஃப்யான் விற்றுவிட்டார் என்று ஸீரா நூல்கள் கூறுகின்றன. அபூ தாலிப் அவர்களின் சொத்து அகீலுக்கும் தாலிபுக்கும் போயிற்று. அப்போது முஸ்லிம்களாயிருந்த அலீ (ரலி), ஜஅஃபர் (ரலி) ஆகியோருக்கு அதில் பங்கு வரவில்லை. மக்கா வெற்றியின்போது, தங்கள் இல்லத்தில் தங்குவீர்களா என்று உஸாமா (ரலி) கேட்க, அகீல் நமக்கு வீடு எதையும் விட்டு வைத்திருக்கிறாரா என்னும் பொருளில் நபி (ஸல்) அவர்கள் திருப்பிக் கேட்டதாக ஸஹீஹுல் புகாரீயில் வருகிறது. வெற்றி கொண்ட ஊரில் அவர்கள் கூடாரத்தில் தங்கினார்கள். விற்கப்பட்ட வீடுகளை முஹாஜிர்கள் திரும்பப் பிடுங்கிக்கொள்ளவில்லை.

மதீனாவில் நபி (ஸல்) அவர்கள் முதலில் தங்கியது அபூ அய்யூப் அல் அன்ஸாரீ (ரலி) அவர்களின் வீட்டில். அது மேல்தளமும் கீழ்த்தளமும் கொண்ட வீடு. வருவோர் போவோருக்கு எளிதாயிருக்கும் என்று நபி (ஸல்) அவர்கள் கீழே தங்க, அபூ அய்யூபும் அவர் மனைவியும் மேலே இருந்தார்கள். ஓர் இரவு மேலே தண்ணீர்க் குடம் உடைந்துவிட்டது. கீழே சொட்டிவிடுமோ என்று பதறி, தங்களிடம் இருந்த ஒரே போர்வையால் இருவரும் அத்தண்ணீரைத் துடைத்தெடுத்தார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் மேல்வீட்டுக் கசிவால் கீழ்வீட்டாரோடு மனத்தாங்கல் கொண்ட எவரும் இந்நிகழ்ச்சியை மறக்க மாட்டார்கள்.

பள்ளிவாசலும் அதை ஒட்டிய வசிப்பிடமும் எழுந்த நிலம், பேரீச்சம் பழம் உலர்த்தும் களமாயிருந்தது. ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரு அநாதைச் சிறுவர்களுக்கு உரியது; அவர்கள் அஸ்அத் இப்னு ஸுராரா (ரலி) அவர்களின் பராமரிப்பில் இருந்தார்கள். நிலத்தை இலவசமாகத் தர அச்சிறுவர்கள் முன்வந்தார்கள். நபி (ஸல்) அவர்கள் அதை ஏற்காமல் விலை கொடுத்தே வாங்கினார்கள் என்று புகாரீ பதிவு செய்கிறது. விலை 10 தீனார் என்றும் அதை அபூ பக்ர் (ரலி) கொடுத்தார்கள் என்றும் வரலாற்றாசிரியர் சிலர் எழுதுகிறார்கள். பொதுக் காரியத்துக்கே ஆனாலும் சிறார் சொத்து விலையின்றிக் கைமாறவில்லை.

இதை வெறும் பரிவின் கதையாகக் கடந்து போகலாகாது. சிறார் பங்கு கலந்த சொத்து இன்றும் நம் ஊர்களில் விற்பனைக்கு வருகிறது. கணவர் மவ்த்தானபின் தாய் தன் பங்கோடு சிறு பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து எழுதிக் கொடுப்பது வழக்கமாய் இருந்தது. 1918-இல் லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில், முஸ்லிம் சட்டப்படி தாய் பிள்ளைகளை வளர்க்கும் உரிமை உடையவரே அன்றி அவர்களின் அசையாச் சொத்தை விற்கும் அதிகாரம் உடையவர் அல்லர் என்றும், அவ்வாறு விற்றால் சிறாரின் பங்கு வாங்கியவரைச் சேராது என்றும் தீர்த்தது. தந்தை, அவர் நியமித்தவர், தந்தைவழிப் பாட்டனார், அவர் நியமித்தவர் என்ற வரிசையில் எவரும் இல்லாதபோது நீதிமன்ற அனுமதி வேண்டும். விலை மலிவாயிருக்கிறதே என்று மகிழும் முன், வாரிசுச் சான்றில் உள்ள வயதுகளைப் படித்துப் பார்ப்பது நல்லது.

முஹாஜிர்கள் எல்லாரும் வந்த உடனே வீடு தேடவில்லை. தம் செல்வத்தில் பாதியைத் தருவதாக ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) சொன்னபோது, அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவருக்காகத் துஆ செய்துவிட்டு, கடைத்தெரு எங்கே என்று கேட்டார். தயிர்க்கட்டியும் நெய்யும் விற்றுத் தொடங்கினார். வருமானம் முதலில், வீடு பிறகு என்ற வரிசை அவருடையது. அது எல்லாருக்கும் விதி என்று சொல்ல மாட்டோம். ஆனால் கைப்பணத்தையெல்லாம் சுவரில் புதைத்துவிட்டுத் தொழிலுக்கு முதல் இல்லாமல் திணறும் இளைஞர்களைப் பார்க்கும்போது அவர் கேட்ட கேள்வி நினைவுக்கு வருகிறது.

எந்த இடத்தில் வாங்குவது? பள்ளிவாசலுக்கு அருகே என்று நம்மவர் உடனே சொல்வோம். பனூ ஸலிமா குலத்தாரும் அப்படித்தான் எண்ணினார்கள். அவர்களின் வீடுகள் மதீனாவின் ஒதுக்குப்புறத்தில் இருந்தன. பள்ளிவாசலுக்கு அருகே குடிபெயர விரும்பினார்கள். அவர்களுடைய காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்று சொல்லி, இருக்கும் இடத்திலேயே இருக்குமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். மதீனாவின் ஓரங்கள் வெறுமையாகிவிடுவதை நபி (ஸல்) அவர்கள் விரும்பவில்லை என்ற காரணமும் புகாரீயின் அறிவிப்பிலேயே உள்ளது. எல்லாரும் ஒரே தெருவில் நெருக்கியடித்து விலையை ஏற்றிவிட்டு, ஊரின் மற்றப் பகுதிகளை நாமே காலி செய்துவிடும் இக்காலத்துக்கு அந்தக் காரணம் மிகவும் பொருந்துகிறது.

அண்டை வீட்டாரைப் பார்த்தபின் வீட்டைப் பார் என்ற கருத்துள்ள சொல் நம்மிடையே நபிமொழியாகவே வழங்குகிறது. அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பதே ஹதீஸ் அறிஞர்களின் முடிவு. ஆனால் அச்சொல் அரபிகளின் வாழ்வில் எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதற்குப் பழைய இலக்கிய நூல்களில் ஒரு கதை உண்டு. அபூ ஜஹ்ம் என்பவர் தம் வீட்டை ஒரு லட்சம் திர்ஹமுக்கு விற்க ஒப்புக்கொண்டார். பிறகு, ஸயீத் இப்னு அல்ஆஸ் அவர்களின் அண்டையிலிருக்கும் உரிமைக்கு என்ன விலை தருவீர்கள் என்று கேட்டார். அண்டை உரிமையை யாராவது விற்பார்களா என்று அவர்கள் வியக்க, விற்பனையையே கைவிட்டார். செய்தி அறிந்த ஸயீத் அந்த ஒரு லட்சத்தைத் தாமே அனுப்பி வைத்தார். வரலாற்று ஆவணமாக அல்ல, அக்கால மக்கள் எதை மதித்தார்கள் என்பதற்குச் சான்றாக இக்கதையைக் கொள்ளலாம்.

புகாரீயில் உள்ள மற்றொரு நிகழ்ச்சி இதைவிட உறுதியானது; நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. நபி (ஸல்) அவர்களால் விடுதலை செய்யப்பட்ட அபூ ராஃபிஉ (ரலி) அவர்களுக்கு, ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்களின் வளவுக்குள் இரண்டு அறைகள் சொந்தமாயிருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளுமாறு அவர் ஸஅதிடம் வந்தார். ஸஅத் முதலில் மறுத்தார். உடனிருந்த மிஸ்வர் இப்னு மக்ரமா (ரலி) வற்புறுத்தவே, 4,000 திர்ஹமுக்கு மேல் தர மாட்டேன், அதுவும் தவணைகளில்தான் என்றார். அபூ ராஃபிஉக்கோ வேறொருவர் 500 தீனார் தருவதாக இருந்தார். ஒரு தீனாருக்குப் பத்துத் திர்ஹம் என்று கணக்கிட்டாலும் அது 5,000 திர்ஹம். ஆயினும், அருகில் இருப்பதால் அண்டை வீட்டாருக்கே உரிமை அதிகம் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லக் கேட்டிராவிட்டால் உமக்கு இதைக் கொடுத்திருக்க மாட்டேன் என்று சொல்லி, குறைந்த விலைக்கே ஸஅதிடம் விற்றார்.

நம் காலத்து வீட்டு வியாபாரத்தின் முக்கியச் சிக்கல்கள் பல இந்தச் சிறு உரையாடலில் இருக்கின்றன. வாங்குபவரிடம் முழுப் பணம் இல்லை. விற்பவருக்கு வெளியில் அதிக விலை கிடைக்கிறது. தவணை பேசப்படுகிறது, ஆனால் தவணைக் காலத்துக்கென வட்டி பேசப்படவில்லை. விற்பவர் 1,000 திர்ஹமை விட்டுக் கொடுத்தார். அவரும் செல்வர் அல்லர், அடிமைத்தளையிலிருந்து வந்தவர்.

இந்நபிமொழியிலிருந்து பிறந்ததுதான் ஷுஃப்ஆ என்னும் முன்னுரிமைச் சட்டம். ஹனஃபீ மத்ஹபில் கூட்டுப் பங்காளிக்கும் ஒட்டிய அண்டை வீட்டாருக்கும் அவ்வுரிமை உண்டு. ஷாஃபிஈ மத்ஹபில் பங்காளிக்கு மட்டுமே. இந்தியாவின் வடபகுதியில் ஆங்கிலேயர் காலத்திலும் இது நீதிமன்றங்களில் வழங்கியது. சென்னை மாகாணத்திலோ 1870-இல் உயர் நீதிமன்றம், சொத்தை விரும்பியவருக்கு விற்கும் உரிமையைக் கட்டுப்படுத்தும் இவ்விதி நீதிக்கும் நியாயத்துக்கும் ஒவ்வாதது என்று கூறி ஏற்க மறுத்துவிட்டது. மலபாரில் மட்டும் வழக்காறாக எஞ்சியது. 1962-இல் உச்ச நீதிமன்றமும் அண்டை உரிமையால் மட்டும் கோரும் முன்னுரிமை அரசியல் சாசனத்துக்கு முரண் என்றது. ஆகவே தமிழகத்தில் அண்டை வீட்டாரைக் கேட்காமல் விற்றால் சட்டம் எதுவும் செய்யாது. கேட்பதா வேண்டாமா என்பது விற்பவரின் மார்க்கப் பற்றைப் பொறுத்தது.

வீடு பிடித்துவிட்டால் அடுத்தது முன்பணம். அதைக் கொடுத்துவிட்டு, கடன் கிடைக்காமலோ ஆவணம் சரியில்லாமலோ பின்வாங்கினால் பணம் திரும்புமா? உமர் (ரலி) அவர்களின் மக்கா ஆளுநர் நாஃபிஉ இப்னு அப்தில் ஹாரிஸ், ஸஃப்வான் இப்னு உமய்யாவிடமிருந்து ஒரு வீட்டைச் சிறைச்சாலைக்காக விலை பேசினார். உமர் ஒப்புக்கொண்டால் வியாபாரம் உறுதி. ஒப்புக்கொள்ளாவிட்டால் ஸஃப்வானுக்கு நானூறு என்பது நிபந்தனை. அர்பூன் என்று ஃபிக்ஹ் நூல்கள் அழைக்கும் இம்முன்பணத்தை விற்பவர் வைத்துக்கொள்ளலாம் என்று இமாம் அஹ்மத் (ரஹ்) இந்நிகழ்ச்சியை ஆதாரமாகக் கொண்டு கூறினார். மற்ற மூன்று இமாம்களும் ஏற்கவில்லை. பண்டமின்றிப் பிறர் பொருளை உண்பது அது என்பது அவர்கள் வாதம். 1993-இல் புருனையில் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, காத்திருக்கும் கெடு தெளிவாகக் குறிக்கப்பட்டிருந்தால் அர்பூன் கூடும் என்று முடிவு செய்தது. ‘ஒரு மாசத்துல பார்த்துக்கலாம்’ என்ற வாய்ப்பேச்சோடு ஒரு லட்சத்தைக் கையில் திணிக்கும் நம் பழக்கம் எந்த இமாமின் கருத்திலும் அடங்காது.

எழுதிக்கொள்வது பற்றி அல்பகரா அத்தியாயத்தின் நீண்ட வசனம் கடனைப் பற்றிப் பேசுகிறது. வியாபாரத்துக்குச் சாட்சி வைக்கவும் சொல்கிறது. அதை முஸ்லிம்கள் எவ்வளவு நுணுக்கமாக நடைமுறைப்படுத்தினார்கள் என்பதை எகிப்தின் வறண்ட மண் காப்பாற்றி வைத்திருக்கிறது. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த வீட்டு விற்பனைப் பத்திரங்கள் பாப்பிரஸ் தாளில் கிடைத்துள்ளன. விற்பவர், வாங்குபவர், விலை, வீட்டின் நான்கு எல்லைகள், வாசல் எந்தத் தெருவில் திறக்கிறது, சாட்சிகள் யார் என்று அவை வரிசையாகச் சொல்கின்றன. தெற்கு, வடக்கு, கிழக்கு, மேற்கு என்று எல்லை கூறும் அந்த முறையை நம் பத்திர எழுத்தர்கள் பார்த்தால் செக்குபந்தி என்று உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். ஒரு வீட்டை 24 பாகமாகப் பிரித்து, அதில் இத்தனை பாகம் என்று விற்கும் வழக்கமும் அங்கே இருந்தது. வாரிசுகளுக்கிடையே வீடு துண்டானதன் விளைவு அது.

பத்திரம் எழுதுவதே ஷுரூத் என்ற தனிக் கலையாய் வளர்ந்தது. ஹனஃபீ அறிஞர் இமாம் தஹாவீ (ரஹ்; இறப்பு ஹிஜ்ரி 321) அதற்கென்று நூல்கள் எழுதினார். ஒரு காழி ஹனஃபீயாயிருந்தாலும் மாலிகீயாயிருந்தாலும் ஓட்டை காண முடியாதபடி வாசகங்களை அமைப்பதே அக்கலையின் நோக்கம். பிற்காலத்தில் வேறொருவர் உரிமை கோரி வந்தால் விற்றவரே பொறுப்பு என்ற உறுதிமொழி அதில் கட்டாயம் இடம்பெறும். அப்பொறுப்புக்கு ளமான் என்று பெயர். அதே வேரிலிருந்து வந்ததுதான் நம் ஜாமீன். வாரிசு, பாக்கி, தாலுகா என்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் நாம் கேட்கும் சொற்களில் பலவும் அரபியின் வழி வந்தவையே. சொல் வந்ததே தவிர, வில்லங்கச் சான்றைப் பின்னோக்கி எடுத்துத் தாய்ப்பத்திரம் வரை படிக்கும் பொறுமை நம்மோடு வரவில்லை போலும்.

வக்ஃப் பற்றி ஒரு வார்த்தை. கைபரில் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அறம் செய்தபோது, அது விற்கப்படாது, அன்பளிக்கப்படாது, வாரிசுரிமையாகாது என்ற நிபந்தனைகளோடு விட்டார். வக்ஃப் நிலத்தை அறியாமல் வாங்கினாலும் வாங்கியவருக்கு உரிமை வராது. மனை வாங்கும் முன் அதையும் விசாரித்தாக வேண்டும்.

இனி வட்டிக்கு வருவோம். வீட்டுக்கும் கடனுக்கும் உள்ள இந்த முடிச்சு நவீன வங்கிகளால் வந்தது என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுப் பழையது. ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் புகாரா, சமர்கந்து வட்டாரத்தில் பைஉல் வஃபா என்ற ஒரு வழக்கம் பரவிற்று. பணம் தேவைப்படுபவர் தம் வீட்டை மற்றவருக்கு விற்பார். பணத்தைத் திருப்பித் தரும் நாளில் வீட்டைத் திருப்பித் தர வேண்டும் என்று வாங்கியவர் வாக்குக் கொடுப்பார். இடைக்காலத்தில் அவர் அவ்வீட்டில் குடியிருக்கலாம், வாடகைக்கும் விடலாம். பெயர் விற்பனை, உள்ளே பார்த்தால் கடன். ஹனஃபீ அறிஞர்கள் இதைப்பற்றிப் பல தரப்பாகப் பிரிந்தார்கள். இது அடைமானமே, பயனை நுகர்வது கூடாது என்றார் சிலர். மக்களின் தேவையைக் கருதி அனுமதிக்கலாம் என்றார் சிலர். 1869 முதல் 1876 வரை உஸ்மானிய அரசு தொகுத்த மஜல்லா சட்டநூலில் இது இடம்பெற்றுவிட்டது.

உஸ்மானியர் ஆண்ட அனத்தோலியாவில் இதன் இன்னொரு வடிவம் நடந்தது. ரொக்கப் பணத்தையே வக்ஃப் செய்யும் அறக்கட்டளைகள் அங்கே இருந்தன. பணம் வேண்டியவர் தம் வீட்டை அந்த அறக்கட்டளைக்கு விற்று, அதே வீட்டிலேயே வாடகைக்கு இருப்பார். முதலைத் திருப்பியதும் வீடு அவருக்கே. அவ்வாடகை உண்மையில் என்ன? பதினாறாம் நூற்றாண்டில் ஷைகுல் இஸ்லாம் அபுஸ்ஸுஊத் எஃபெந்தி ரொக்க வக்ஃபை ஆதரித்தார். பள்ளிகளும் மதரஸாக்களும் அதை நம்பியிருக்கின்றன என்பது அவர் கவலை. பிர்கிவீ மெஹ்மத் எஃபெந்தி இது வட்டியின் மறுபெயர் என்று கடுமையாக எதிர்த்து எழுதினார். இருவருமே ஹனஃபீக்கள், இருவருமே மார்க்கத்தைக் காக்கவே பேசினார்கள்.

பைஉல் வஃபா இந்தியாவுக்கும் வந்தது. வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி 1798-லும் 1806-லும் அதை ஒழுங்குபடுத்த விதிகள் இயற்ற வேண்டியிருந்தது; குறித்த நாளில் பணம் தர முடியாதவர்கள் நிலத்தை முற்றாக இழந்துகொண்டிருந்தார்கள். பின்னர் 1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 58-ஆம் பிரிவில் அது நிபந்தனை விற்பனை அடமானம் என்ற பெயரில் நிலைபெற்றது. அதே பிரிவில் அடுத்து வருவது அனுபோக அடமானம். அதைத்தான் நாம் தென்மாவட்டங்களில் ஒத்தி என்றும், சென்னையில் போக்கியம் என்றும் சொல்கிறோம்.

சொந்த வீட்டுக்குப் பணம் சேரும்வரை போக்கியத்துக்குப் போகலாம் என்று முடிவெடுக்கும் முஸ்லிம் குடும்பங்கள் அநேகம். ஐந்து லட்சமோ எட்டு லட்சமோ வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகையின்றி மூன்று ஆண்டு இருந்து, முழுப் பணத்தையும் திரும்பப் பெறுவது. வங்கிப் பக்கமே போகவில்லை என்ற நிம்மதியோடு அதைச் செய்கிறார்கள். கொடுத்த பணம் கடன், திரும்பி வருவது அதே தொகை, இடையில் அனுபவித்த வீடு கடனுக்கான பயன் என்று பார்த்தால், புகாராவில் அறிஞர்கள் வாதிட்ட அதே இடத்துக்கு வந்து சேர்கிறோம். ஜித்தாவில் 1992-இல் கூடிய சர்வதேச ஃபிக்ஹ் அகாடமி, பைஉல் வஃபாவின் உள்ளியல்பு பயன் தரும் கடனே என்று கூறி அதைக் கூடாது என்றது. போக்கியத்துக்கு அது எவ்வளவு பொருந்தும் என்று உங்கள் ஊர் ஆலிமிடம் முன்பணம் கொடுக்கும் முன் கேளுங்கள். மாத வாடகையைக் குறைவாகவேனும் பேசி, மீதியை முன்தொகையாக வைக்கும் ஏற்பாட்டையும் அவரிடமே சொல்லிப் பாருங்கள். பெயர் மாறுவதால் மட்டும் பொருள் மாறிவிடாது என்பதே அந்த நூற்றாண்டுகளின் வாதம் முழுவதும்.

வங்கிக் கடனைப் பொறுத்தவரை அதே அகாடமி 1990-லேயே, வீடு அடிப்படைத் தேவை என்பதை ஒப்புக்கொண்டு, ஆனால் வட்டிக் கடன் வழியாக அதை அடைவது கூடாது என்று தீர்மானித்தது. விலையை உயர்த்தியேனும் தவணை விற்பனை, கட்டித் தரும் ஒப்பந்தம் போன்ற மாற்று வழிகளைக் காட்டியது. 1999-இல் டப்ளினில் கூடிய ஃபத்வாவுக்கும் ஆய்வுக்குமான ஐரோப்பிய மன்றம், வேறு வழி இல்லாத மேற்கத்திய நாட்டு முஸ்லிம்கள் தாம் குடியிருக்கும் ஒரு வீட்டுக்காக மட்டும் வங்கிக் கடன் பெறலாம் என்றது. மன்றத்துக்குள்ளேயே சிலர் மறுத்தார்கள், வெளியே பலர் மறுத்தார்கள். அந்தத் தீர்ப்பை அதன் நிபந்தனைகளை விட்டுவிட்டு நம் நாட்டில் மேற்கோள் காட்டுவோரைப் பார்க்கிறோம். இரண்டாவது வீட்டுக்கும் முதலீட்டு மனைக்கும் அதை நீட்டுவது அத்தீர்ப்பைச் சொன்னவர்களுக்கே ஏற்பில்லாதது.

நிறுவனம் வீட்டை வாங்கி நமக்கு விற்பது, அல்லது கூட்டாக வாங்கி நம் பங்கு மாதந்தோறும் வளர்வது என்ற முறைகள் மலேசியாவிலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடக்கின்றன. பிரிட்டனில் இதற்கு ஒரு தடை இருந்தது: வீடு இருமுறை கைமாறுவதால் முத்திரை வரி இருமுறை. 2003-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்த இரட்டை வரியை நீக்கியது. தமிழகத்தில் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. இருமுறை கட்டினால் 18. இங்கே நிறுவனம் எதுவும் அம்முறைக்கு எளிதில் துணியாததற்கு அதுவும் ஒரு காரணம். 2008-இல் ரகுராம் ராஜன் தலைமையிலான குழு வட்டியில்லா வங்கியியலைப் பரிந்துரைத்தது. 2017-இல் ரிசர்வ் வங்கி அத்திட்டத்தைத் தொடர்வதில்லை என்று அறிவித்துவிட்டது. எஞ்சியிருப்பவை குடும்பத்தார் தரும் கர்ழன் ஹஸனா, கட்டுமானக்காரரோடு நேரடித் தவணை, ஜமாஅத் அளவிலான வட்டியில்லாக் கடன் உதவிகள், சிறிய வீட்டோடு நிறைவடைதல், இன்னும் சில ஆண்டு வாடகை. எதுவும் எளிதன்று. வாடகைக்கே வீடு தர மறுக்கும் தெருக்கள் உள்ள நகரங்களில் அது இன்னும் கடினம். அக்கடினத்தை அறியாதவர்போல் மேடையில் பேசுவது நமக்கு ஒப்பாது.

கடைசியில் யார் பெயரில் பதிவு செய்வது என்ற கேள்வி வருகிறது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதற்குப் பழைய விடை ஒன்று உண்டு: வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மகள் பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு என்ற எண்ணம் தந்தைக்கு அன்றே தொடங்கிவிடும். இலங்கையின் கிழக்குக் கரையிலும் இதே வழக்கம். கடல் கடந்து வணிகம் செய்த ஆண்கள் ஆண்டுக்கணக்கில் ஊரில் இல்லாத சமூகத்தில் கூரை பெண்ணின் பெயரில் இருந்தது பெரும் பாதுகாப்பு. அதன் மறுபக்கமும் உண்டு: நான்கு மகள்கள் உள்ள தந்தையின் முதுகை அந்த நான்கு வீடுகள் ஒடித்துவிடுகின்றன; மகன்கள் தங்களுக்கென்று ஒன்றுமில்லை என்று முணுமுணுக்கிறார்கள். நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அவர்களுக்கு மட்டும் அவர் தந்தை அன்பளிப்புத் தந்து நபி (ஸல்) அவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இவ்வாறே கொடுத்தீரா என்று கேட்டு அவர்கள் மறுத்துவிட்டார்கள். தந்தை அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். ஹிபா எழுதும் பெற்றோர் அந்தக் கேள்விக்குத் தங்கள் விடையை முன்கூட்டியே யோசித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மனைவி தன் மஹரையும் நகையையும் முதல் வீட்டுக்காகப் போட்டிருந்தால் அவர் பெயர் பத்திரத்தில் இருக்க வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. பதினேழாம் நூற்றாண்டு அங்காராவிலும் கைசேரியிலும் காழி மன்றப் பதிவேடுகளை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் சுரையா ஃபரோக்கி, தம் பெயரில் வீடு வைத்திருந்த, விற்ற, வாங்கிய பெண்களை அங்கே கண்டார்.

மதீனாவிலும் அப்படித்தான். உமர் (ரலி) அவர்கள் குத்துண்டு மரணப் படுக்கையில் இருந்தபோது, தம் இரு தோழர்களின் அருகில் அடக்கம் செய்யப்பட விரும்பினார்கள். அந்த இடம் ஆயிஷா (ரலி) அவர்களின் அறை. கலீஃபாவாக இருந்தும் உத்தரவிடவில்லை. மகன் அப்துல்லாஹ்வை அனுப்பி, அமீருல் முஃமினீன் என்று சொல்லாமல் உமர் ஸலாம் கூறுகிறார் என்று சொல்லி அனுமதி கேட்கச் செய்தார்கள். தமக்கென்று வைத்திருந்த இடம் அது, இன்று தம்மைவிட அவருக்கு முன்னுரிமை தருகிறேன் என்று ஆயிஷா (ரலி) இசைந்தார்கள். அதன்பிறகும் உமர் (ரலி) மகனிடம் சொன்னது: நான் இறந்தபின் என் ஜனாஸாவைச் சுமந்து சென்று அந்த வாசலில் நின்று மறுபடியும் அனுமதி கேளுங்கள், தந்தால் உள்ளே கொண்டு செல்லுங்கள், மறுத்தால் முஸ்லிம்களின் பொது அடக்கத்தலத்துக்குக் கொண்டு போங்கள்.